தர்சிகா வாய் திறந்த வாரம்

பாதிரியார் கையில் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தில் சாம்பல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து தலை குனிகிறார்கள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து உச்சந்தலையில் தூவுகிறார். வாய் ஏதோ முணுமுணுக்கிறது. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன் என்று நினைவூட்டும் வாசகம் அது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை; யார் தலையில் அதிகம் விழுந்தது என்பதில்தான் போட்டி.

தர்சிகாவின் முறை வந்தது. எட்டு வயது. நீல மேலங்கி. காலையில் குளித்த ஈரம் காயாத இரட்டைப் பின்னல். அவள் தலை குனியவில்லை. இடது கையின் மேல் வலது கையை வைத்து, குவித்து, பாதிரியாரின் முன்னால் நீட்டினாள்.

பாதிரியாரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. வயதானவர். அவர் ஆயுளில் யாரும் சாம்பலைக் கையில் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கன்னியாஸ்திரீகளைப் பார்த்தார். கன்னியாஸ்திரீகள் என்னைப் பார்த்தார்கள். நான் யாரைப் பார்ப்பது? கூரையைப் பார்த்தேன். அங்கே வரைந்திருந்த குண்டுத் தேவதைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில்

என் கணவரின் ஆராய்ச்சிப் படிப்புக்காக நாங்கள் இத்தாலியில் சிசிலித் தீவிலிருக்கும் பலெர்மோவுக்குக் குடிபோன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். "அவர் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு உங்களுக்குப் பொழுது எப்படிப் போயிற்று?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போகவில்லை அம்மா, அதுதான் விஷயம்.

காலை எட்டு மணிக்கு அவர் போய்விடுவார். பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு, எதிர்வீட்டு பால்கனிக் கிழவியோடு கையசைப்பு முடிந்தால் ஒன்பது. அதற்குப் பிறகு மாலைவரை நான் பேச ஓர் ஆள் கிடையாது. ஊரில் ஒரு நிமிடம் வாயை மூடாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். அங்கே சுவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து இத்தாலிய மொழி கற்றுக்கொண்டதுகூட யாரிடமாவது சண்டை போடவாவது உதவுமே என்றுதான்.

பல்லரோ சந்தைக்குத் தினமும் போவேன். வாங்குவதைவிடக் கேட்பதற்கு. மீன்காரன் ஒரு ராகம், கத்தரிக்காய்க்காரன் ஒரு ராகம். சந்தையின் ஓரத்தில் ஓர் இலங்கைக் கடை இருந்தது. அங்கே கறிவேப்பிலை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, நீங்கள் இந்தியாவோ? இத்தாலியன் வடிவாக் கதைப்பியளாம், உண்மையோ?"

அவள்தான் வசந்தி. யாழ்ப்பாணம். ஒரு பணக்கார அம்மாள் வீட்டில், அங்கே சிஞ்ஞோரா என்பார்கள், சமையலும் துப்புரவும். நின்ற நிலையில், கையில் வெண்டைக்காய்ப் பையோடு, தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். மகளை மூன்று வயதில் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள். குடும்பத்தோடு சேர்ந்திருக்க அனுமதி கிடைத்து, மகளை அழைத்துக்கொள்ள ஐந்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளை வந்து இரண்டு மாதம்.

"கதைக்கிறாளில்லை அக்கா. பள்ளிக்கூடத்திலையும் இல்லை, வீட்டிலையும் இல்லை. நான் கேட்டால் ஓம், இல்லை. ரெண்டே ரெண்டு சொல்லு. என்னை ஆரோ வேத்தாள் மாதிரிப் பாக்கிறாள்."

இது போதாது என்று பள்ளிக்கூடத்திலிருந்து வேறு நெருக்கடி. இந்த வாரத்துக்குள் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால், அடுத்த திங்கட்கிழமை முதல் அவளை முதல் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கப்போகிறார்களாம், ஆறு வயதுக் குழந்தைகளோடு.

"அங்கை வகுப்பிலை முதலாம் பிள்ளையா வந்தவள். இஞ்சை கீழை இறக்கினால் பிறகு வாயே திறக்கமாட்டாள். எனக்குத் தெரியும். என்ரை இத்தாலியன் குசினிக்குள்ளை மட்டும்தான் ஓடும். நீங்கள் ஒருக்கால் வந்து அந்தச் சிஸ்டர்மாரோடை கதைச்சால்..."

நான் யோசிக்கவே இல்லை. பேசச் சொல்லி ஒருத்தி கேட்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

படத்தில் வருகிறவர்கள் மாதிரி

பள்ளிக்கூடம் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மடம். உயரமான கூரை, மெழுகு போட்ட தரை, கரும்பலகைக்கு மேலே சிலுவை. சன்னலைத் திறந்தால் சந்தைச் சத்தம் பாடத்துக்குள் நுழைந்துவிடும். மூன்றாம் வகுப்பு ஆசிரியை சுவோர் கிளேலியா. அங்கே கன்னியாஸ்திரீயைச் சுவோர் என்று சொல்வார்கள். ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தர்சிகாவின் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி போட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து மொழிபெயர்க்கச் சம்மதம். சனிக்கிழமை தலைமைச் சகோதரி வந்து பிள்ளையைக் கேள்வி கேட்பார். அன்று தெரிந்துவிடும்.

எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். திங்கட்கிழமை ஏழாம் வாய்ப்பாடு. சுவோர் கிளேலியா ஒரு வரி சொன்னால் நான் தர்சிகாவின் காதில் தமிழில் ஒரு வரி. வகுப்பே திரும்பித் திரும்பி எங்களையே பார்த்தது.

தர்சிகா முன்னால் பார்த்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேட்கிறாளா, தூங்குகிறாளா என்று தெரியவில்லை.

"என்ன புள்ள, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? புரியுதா இல்லையான்னாவது சொல்லேன்" என்றேன். பொறுமைக்கும் எனக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை.

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் படத்திலை வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறியள்."

அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவோர் கிளேலியா, "சிலென்சியோ!" என்று மேசையைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. சுகமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு தர்சிகா என்னிடம் பேசினாள். என்னிடம் மட்டும். ஏழாம் வாய்ப்பாட்டைத் தமிழில் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நான் அதை இத்தாலிய மொழியில் உரக்கச் சொன்னேன். "பிராவா" என்றார் சுவோர் கிளேலியா. யாரைச் சொன்னார் என்று யோசிக்காமல் இரண்டு பேருமே பூரித்துப்போனோம்.

இளவரசி வேஷம்

செவ்வாய்க்கிழமை கார்னிவல். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து, வண்ணக் காகிதத் துண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைக்கும் நாள். பாடம் கிடையாது. கடற்கொள்ளைக்காரன், வண்ணத்துப்பூச்சி, ஒரு பையன் மட்டும் ஏனோ சலவை இயந்திரம்.

நல்ல உடுப்புப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள் என்று வசந்தி புரிந்துகொண்டு, அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டுப்பாவாடையை உடுத்தி அனுப்பியிருந்தாள். வகுப்பே கூடிவிட்டது. "இளவரசி வேஷம்! இளவரசி வேஷம்!" என்று ஒரே கூச்சல்.

"இது வேஷம் இல்லை, எங்கள் உடுப்பு" என்று நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரொசாலியா என்று ஒரு பெண். சந்தையில் ஆரஞ்சு விற்பவரின் மகள். குரலும் சந்தைக் குரல். அவள் பாவாடைக் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டாள். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் தர்சிகா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அவளை அணைத்துக்கொண்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சின்ன முதுகின் சூடு வீட்டுக்கு வந்தபிறகும் கையில் இருந்தது.

நான் சொன்ன பெயர்

நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது எங்களுக்கு நல்லொழுக்க வகுப்பு. அதை நடத்திய டீச்சர் பாதியில் தூங்கிவிடுவார். ஆகவே என் நல்லொழுக்கமும் பாதிதான். ஆனால் அவர்களின் பண்டிகைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தவக்காலம் தொடங்கும் புதன்கிழமைக்கு எங்கள் பக்கம் திருநீற்றுப் புதன் என்று பெயர். எங்கள் கான்வென்டில் சாமியார் சாம்பலைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போடுவார். எங்கள் நெற்றியில் ஏற்கெனவே பட்டை. மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோர் நெற்றியும் சாம்பல்தான்.

செவ்வாய் மாலை பள்ளிக்கூட வாசலில் வசந்தி கேட்டாள், நாளைக்கு என்ன விசேஷம் என்று. நான் எனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னேன்.

"நாளைக்குத் திருநீற்றுப் புதன். கோயில்ல திருநீறு தருவாங்க."

வசந்தியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. "உண்மையாவோ அக்கா? இவையும் திருநீறு குடுப்பினமோ?"

மறுநாள் விடியற்காலையிலேயே பிள்ளையைத் தலைக்குக் குளிக்க வார்த்து, ஒன்றும் சாப்பிடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். கோயிலில் திருநீறு வாங்கப் போகிற பிள்ளை எப்படிப் போகவேண்டுமோ அப்படி. தேவாலயங்களில் சாம்பலைத் தலையில் தூவுவது அந்த ஊர் வழக்கம் என்பது எனக்கே அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

தூணில் தட்டிய மிச்சம்

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பாதிரியார் ஒரு முடிவுக்கு வந்தவராக, அந்தச் சின்னக் கையில் ஒரு சிட்டிகை சாம்பலைப் போட்டார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் போட்டார்.

தர்சிகா கண்ணை மூடினாள். அண்ணாந்தாள். மூன்று விரலால் நெற்றியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை இழுத்தாள். ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை என்ன செய்வது? சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் புனித சூசையப்பர் சிலை. அதன் பளிங்குப் பீடத்தில் உள்ளங்கையை அழகாகத் தட்டிவிட்டு, கையைக் கூப்பி ஒரு கும்பிடு போட்டு, தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவளுக்கு அடுத்து நின்றவள் ரொசாலியா. அவளும் கையை நீட்டினாள்.

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் நின்ற ஒருவரும் தலை குனியவில்லை. எல்லாக் கைகளும் நீண்டன. ஒருவன் நெற்றியில் பட்டை போட்டான், ஒருத்தி கன்னத்தில், செவ்வாய்க்கிழமை சலவை இயந்திரமாக வந்தவன் முகம் முழுவதும். வாயில் போட்டவர்கள் இருமினார்கள். எல்லோரும் வரிசையாகப் போய் சூசையப்பர் பீடத்தில் தட்டினார்கள். பாதிரியாருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது, கை தாராளமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வந்து நின்றபோது கிண்ணம் காலி.

நான் தர்சிகாவின் காதில், "என்ன புள்ள இப்படிப் பண்ணிட்ட?" என்றேன்.

"அவர்தான் பிழையாக் குடுத்தவர்" என்றாள் அவள் கறாராக. "திருநீறு கையிலையல்லோ தாறது? மிச்சத்தை நிலத்திலை போடக்கூடாது. தூணிலைதான் தட்டவேணும்."

ஊரில் எந்தக் கோயிலில் பார்த்தாலும் தூணெல்லாம் வெள்ளையாக இருக்குமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

தலைமைச் சகோதரி சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்தார். கனத்த உடம்பு, கனத்த கண்ணாடி.

"இது கேலியா, சிஞ்ஞோரா?"

"கேலி இல்லை. எங்கள் மதத்திலும் சாம்பல் புனிதம். கோயிலில் கையில்தான் தருவார்கள். பிள்ளை பயபக்தியோடுதான் வாங்கினாள். காலையில் சாப்பிடக்கூட இல்லை."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "நாங்கள் போன வருடத்துக் குருத்தோலையை எரித்துச் செய்கிறோம். நீங்கள் எதிலிருந்து செய்கிறீர்கள்?"

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சாணத்தை இத்தாலிய மொழியில் எப்படி மரியாதையாகச் சொல்வது? அதுவும் பிள்ளைகள் சற்று முன்புதான் வாயில் போட்டு இருமியிருக்கிறார்கள்.

"புல்லிலிருந்து" என்றேன்.

பொய் இல்லை. நடுவில் ஒரு மாடு இருக்கிறது, அவ்வளவுதான்.

"அழகு" என்றார் தலைமைச் சகோதரி. ஆனால் போகும்போது திரும்பி நின்றார். "சனிக்கிழமை நான் வருகிறேன். பக்தி வேறு, படிப்பு வேறு. அவள் குரலை நான் இன்னும் கேட்கவில்லை."

அசையாதே!

வியாழக்கிழமை பாடம் ஆதிமனிதன். நெருப்பை மனிதன் எப்படிக் கைப்பற்றினான் என்று சுவோர் கிளேலியா அபிநயத்தோடு நடத்தினார். நல்ல ஆசிரியை. இடியும் மின்னலும் அவரே. நான் தமிழில் சொன்னேன். தர்சிகா கண் கொட்டாமல் கேட்டாள். கேள்வி கேட்டால் என் காதில் பதில் சொன்னாள். நான் எழுந்து நின்று சொன்னேன். வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவி நான்தான்.

இடைவேளையில் பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். நான் மேசையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவோர் கிளேலியா வாசலில் நின்று கைகாட்டி என்னை அழைத்தார். வாயில் விரலை வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

தாழ்வாரத்தில் பெண்பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் தர்சிகா. கரும்பலகைச் சுண்ணாம்புக்கட்டித் தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தி நெற்றியிலும் மூன்று கோடு இழுக்கிறாள். ரொசாலியாவின் முறை. அவளுக்குக் கூச்சம், நெளிகிறாள், சிரிக்கிறாள்.

"ஃபெர்மா!" என்று ஓர் அதட்டல்.

அசையாதே என்று அர்த்தம். அதட்டியது தர்சிகா. அதோடு நிற்கவில்லை. இன்னும் நாலைந்து வார்த்தை பொழிந்தாள். எதுவும் பாடப்புத்தக இத்தாலியம் இல்லை. சந்தையில் மீன்காரனிடம் கேட்கிற அதே சிசிலி இழுப்பு. ரொசாலியா ஆடாமல் நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை இவளிடம் கொடுத்தாள். ஊர் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டத்துப் பழம். குளிர்காலம் முடிகிற நேரத்தில்தான் வரும். இனிப்பு மணம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது.

நான் சுவோர் கிளேலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. "பேசுகிறாள்! பாருங்கள், பேசுகிறாள்!"

"பார்க்கிறேன்" என்றார் அவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை.

நாளைக்கு வரவேண்டாம்

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்ததும் சுவோர் கிளேலியா என்னை உட்காரச் சொன்னார். பெரியவர்கள் உட்காரும் நாற்காலியில். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"சிஞ்ஞோரா, நீங்கள் செய்தது பெரிய உதவி. ஆனால் நாளைக்கு வரவேண்டாம்."

"ஏன்?"

"நீங்கள் இருக்கும்போது அவள் உங்கள் காதைத் தேடுகிறாள். நான் கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் திரும்புகிறாள். நீங்கள் இல்லாத இடத்தில் பேசுகிறாள். நேற்று நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோமே."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. நான் இல்லையென்றால் இந்த வாரம் பிள்ளைக்கு ஒரு பாடமாவது புரிந்திருக்குமா என்று கேட்டேன். சனிக்கிழமை தலைமைச் சகோதரியின் கண்ணாடியைப் பார்த்துப் பயந்து மௌனமாக நின்றால் யார் பொறுப்பு என்று கேட்டேன். கற்றுக்கொண்ட இத்தாலியம் முழுவதும் அன்றைக்குத்தான் நல்லபடியாகப் பயன்பட்டது. இலக்கணப் பிழையே இல்லாமல் சண்டை போட்டேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும், "நான் பொறுப்பு" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவு சாப்பிடும்போது கணவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன, பள்ளிக்கூடத்த விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார் விளையாட்டாக. நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய் அழுதேன். அவர் பயந்துபோய்ப் பின்னால் வந்தார். காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் வாயாக ஐந்து நாள் இருந்தது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அது முடிந்துவிட்டது. அழுதது அதற்காகத்தான். சுவோர் கிளேலியா சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்ததுதான் இன்னும் கஷ்டம்.

கதவுக்கு வெளியே

சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் வீட்டில் இருக்க முடியுமா? பதினோரு மணிக்கு வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் போய் நின்றேன். வாசல்காரம்மா ஒரு மாதிரி பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பிள்ளைகளின் ஓவியங்களைப் பார்ப்பதுபோல நின்றேன். அங்கே இருந்த எல்லாக் கப்பலும், எல்லா எரிமலையும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.

கதவு மூடியிருந்தது. உள்ளே தலைமைச் சகோதரியின் கனத்த குரல். கேள்வி என்று தெரிந்தது; என்ன கேள்வி என்று தெரியவில்லை. பிறகு ஒன்றுமில்லை. மௌனம். தெருவில் யாரோ ஒருவன் கூனைப்பூ என்ற காயைக் கூவி விற்றுக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பினான். இன்னும் மௌனம்.

உள்ளே ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்காரவேண்டும்போல இருந்தது. கதவுக் கைப்பிடியில் கை வைத்தும்விட்டேன்.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது. முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. நிறுத்தாமல். வார்த்தைகள் பிடிபடவில்லை, இழுப்பு மட்டும் தெரிந்தது. சந்தை இழுப்பு. திடீரென்று வகுப்பு முழுவதும் சிரித்தது. கேலிச் சிரிப்பா, நல்ல சிரிப்பா? கதவுக்கு வெளியே நின்றால் இரண்டும் ஒரே சத்தம்தான். நான் கையை எடுத்தேன்.

கதவு திறந்தது. தலைமைச் சகோதரி வெளியே வந்தார். என்னைக் கண்டு வியக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்கேயே இருக்கட்டும், மூன்றாம் வகுப்பில்" என்றார். "இத்தாலிய மொழி யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். ரொசாலியா என்றாள். அது இத்தாலிய மொழி இல்லை, சந்தை மொழி. சுவோர் கிளேலியா திருத்திவிடுவார்."

ரொசாலியாவாம்! ஐந்து நாள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தவள் நான். சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்று தைக்கவும் செய்தது. எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான். ஆனால் மற்றதும் இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். தர்சிகா ரொசாலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து ஓடினாள். ஓடும்போதே ஒரு கையசைப்பு. நானும் அசைத்தேன்.

வாசலில் வசந்தி. அன்றைக்குச் சிஞ்ஞோரா வீட்டில் பகல் விருந்து. "பத்து நிமிசம் மட்டும்தான் அக்கா, அடுத்த பஸ்ஸிலை போகவேணும், பிள்ளையை நீங்கள் வீட்டிலை விட்டுவிடுவியளோ" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள். "என்னவாம்? சொல்லுங்கோ. என்னவாம்?"

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மா" என்றாள் தர்சிகா.

வசந்தி என்னை விட்டுவிட்டுக் குனிந்தாள்.

"அந்தப் பெரிய சிஸ்டர் கேட்டவா, நெருப்பை ஆர் கண்டுபிடிச்சது எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு ரொசாலியா என்னைப் பாத்தவள். பிறகு நான் சொன்னன், ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை, மின்னல் அடிச்சு மரம் எரிஞ்சது, அதை எடுத்துக்கொண்டு வந்தவை எண்டு. முதல் எடுத்த ஆளுக்குக் கை சுட்டிருக்கும் எண்டும் சொன்னன். எல்லாரும் சிரிச்சவை. பெரிய சிஸ்டரும் சிரிச்சவா. கை சுட்ட ஆளைப் பற்றிப் புத்தகத்திலை இல்லையாம்."

பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். மொழிபெயர்க்க எதுவும் இல்லை. பஸ் நிறுத்தம் வந்தது. தர்சிகா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்: தான் எங்கே நின்றாள், ரொசாலியா எந்தப் பக்கம் இருந்தாள்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"வசந்தி, பஸ்" என்றேன்.

"பொறுங்கோ அக்கா."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடைபாதையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள், மகளின் முகத்துக்கு நேராக. ஓட்டுநர் ஒரு தரம் ஹார்ன் அடித்தார், தோளைக் குலுக்கினார், கதவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"அவ்வளவுதான்" என்றாள் தர்சிகா. கதை முடிந்துவிட்டது.

"இல்லை" என்றாள் வசந்தி. "முதலிலை இருந்து சொல்லு பிள்ளை."

அவள் முதலிலிருந்து சொன்னாள்.